செஞ்சோற்றுக் கடனும் வட்டிக் கடனும்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. செய்தே ஆகவேண்டிய முறைமையும் கடன். வாங்கியதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பும் கடன். ஒருவன் படைக்குச் செல்லும்போது இவ்விரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அரசனுடைய சோற்றை உண்டவன் அதற்காக உயிரையும் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பதை முன்னோர் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்றனர். கர்ணன் கதை கேட்ட சிறுவனும் அச்சொல்லை அறிவான். ஆயின் அக்கடனைத் தீர்க்கக் களம் சென்றவனுடைய வீட்டில் மற்றொரு கடன் இருந்து வளர்கிறது. விதைநெல்லுக்கு வாங்கியது, தங்கை திருமணத்துக்கு வாங்கியது, தவணையில் எடுத்த தையல் இயந்திரத்தின் பாக்கி என அதற்குப் பல பெயர். பாசறையில் இருப்பவன் தவணை நாளன்று கடைப்படி ஏறி நிற்க முடியாது. வழக்குமன்றம் மும்முறை பெயர் கூவி அழைத்தாலும் ஏன் என்று கேட்க முடியாது. அவன் இல்லாத நேரத்தில் அவன் நிலத்தையும் பொருளையும் கடன் கொடுத்தவன் கைப்பற்றிக்கொள்ளலாமா?

கேள்வி மிகப் பழையது. இதற்கு வெவ்வேறு காலத்தவர் கூறிய விடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். படைவீரனிடம் இரக்கம் காட்டாத சட்டம் அரிது. வேறுபாடெல்லாம் முதலில் வாய் திறக்க வேண்டியவர் யார் என்பதில் இருக்கிறது. ‘நான் களத்தில் இருக்கிறேன், பொறுத்தருள்க’ என்று வீரனே வந்து முறையிட வேண்டுமாயின், வரமுடியாதவனுக்கு அச்சட்டம் எட்டாது. பொருளை எடுக்கவருபவன் ‘இவன் படையில் இருக்கிறானா?’ என்று முதலில் வினவியாக வேண்டும் என்றால் நிலைமை வேறாகிவிடும்.

மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று உரோமாபுரி வரலாற்றில் உள்ளது. லிவி என்னும் வரலாற்றாசிரியர் தம் காலத்துக்கு நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட நிகழ்ச்சியாக இதனை எழுதிவைத்தார். ஆதலின் கதைச்சுவை சிறிது கலந்திருக்கலாம். கி.மு. 495இல் முதியவன் ஒருவன் அழுக்கேறிய கந்தலும் சடைவிழுந்த தாடியுமாக நகர மன்றத்துக்குள் ஓடிவந்தான். அவன் முன்னாளில் நூற்றுவர் தலைவனாக இருந்தவன் என்று சிலர் அடையாளம் கண்டுகொண்டனர். அவன் மார்பைத் திறந்து போர்த் தழும்புகளைக் காட்டினான். சபைனியரோடு நடந்த போரில் அவன் படையில் இருந்தபோது பகைவர் அவனுடைய விளைச்சலை அழித்தனர், வீட்டைக் கொளுத்தினர், மாடுகளை ஓட்டிச் சென்றனர். அந்த வேளையில் வரியும் வந்து சேர்ந்தது. கடன் வாங்கினான். வட்டி ஏறிப் பாட்டனும் தந்தையும் விட்டுச்சென்ற நிலத்தை விழுங்கிற்று. பிற பொருள்களை விழுங்கிற்று. முடிவில் அவன் உடலையே பற்றிற்று. கடன் கொடுத்தவன் வீட்டில் அடைபட்டு வாங்கிய கசையடிகளைக் காட்ட முதுகைத் திருப்பினான். ஊர் கொதித்து எழுந்தது.

அந்நேரம் பார்த்து வோல்சியர் படை வருகிறது என்னும் செய்தி வந்தது. பொதுமக்கள் படையில் பெயர் கொடுக்க மறுத்துவிட்டனர். அப்போது கான்சல் செர்விலியஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். எக்குடிமகனையும் விலங்கிட்டு அடைத்துவைத்து அவன் படையில் சேர்வதைத் தடுக்கக்கூடாது என்பது அதன் ஒரு பகுதி. வீரன் பாசறையில் இருக்கும் வரையில் அவனுடைய உடைமையை யாரும் கைப்பற்றவோ விற்கவோ கூடாது, அவன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பிடித்துவைக்கக்கூடாது என்பது மறுபகுதி. கடன்பட்டோர் வீடுகளிலிருந்து ஓடிவந்து படையில் சேர்ந்தனர் என்றும், அப்போரில் அவர்களைவிட வீரமாகப் பொருதவர் இலர் என்றும் லிவி எழுதுகிறார்.

ஆணையிலுள்ள ‘பாசறையில் இருக்கும் வரையில்’ என்னும் சொற்களை நோக்குக. போர் முடிந்தது, வீரர் வீடு திரும்பினர், மற்றொரு கான்சலாகிய அப்பியஸ் கிளாடியஸ் கடன் வழக்குகளில் முன்னிலும் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னார். விட்ட இடத்திலிருந்து வட்டி தொடர்ந்தது. மறு ஆண்டாகிய கி.மு. 494இல் பொதுமக்கள் நகரை விட்டு நீங்கிப் ‘புனித மலை’யில் சென்று தங்கினர். மக்கள் காவலர் என்னும் புதிய பதவி உரோமாபுரியில் தோன்றியது இதன் பயனாகவே. களத்தில் காத்து வீட்டில் கைவிடும் ஏற்பாட்டின் ஓட்டை அன்றே தெரிந்துவிட்டது.

தமிழகத்து வேந்தர் இதனை வேறு வழியில் அணுகினர். வீரம் காட்டியவனுக்கு மருதநிலத்து ஊரை அளிக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே உண்டு. அத்தகைய ஊருக்குத் ‘தண்ணடை’ என்று பெயர். புறநானூறு கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் அறிந்த சொல் அது. சோழர் கல்வெட்டுகளில் படையினரோடு தொடர்புடைய நிலங்கள் ‘படைப்பற்று’ எனப்பட்டன. இவற்றினும் உருக்கமானது ‘உதிரப்பட்டி’. போரிலோ, ஆநிரை மீட்பிலோ, ஊர்க் காவலிலோ இறந்தவனுடைய குடும்பத்துக்கு இறையிலியாக விடப்பட்ட நிலம் இது. உதிரம் சிந்தியதற்கு ஈடாகக் கொடுத்தமையின் அப்பெயர் பெற்றது. நடுகல் கல்வெட்டுகளில் இதே நிலம் ‘நெய்த்தோர்பட்டி’ என்றும் வரும். நெய்த்தோர் என்பது குருதியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கன்னட நாட்டில் இதற்கு இணையானது ‘நெத்தரு கொடகெ’. சொல்லிலேயே உறவு தெரிகிறதன்றோ? பிற்காலத்தில் ‘இரத்தமானியம்’ என்னும் பெயரும் வழங்கிற்று. பள்ளிகளில் நடுகல்லைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது கல்லோடு நின்றுவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. கல்லில் பொறித்த வீரனின் மனைவி மறுநாள் எதை உலையில் இட்டாள் என்பதற்கு விடை அந்நிலத்தில் இருக்கிறது.

எனினும் உதிரப்பட்டி இறந்தவனுக்கு உரியது. உயிரோடு தொலைவில் இருப்பவனுடைய உடைமைக்கு அது காவலாகாது. ஒருவன் பேரூர் தாண்டிப் படையெடுத்துச் சென்று ஈராண்டு கழித்து வந்தால், இடையில் அவன் நிலத்துக்கு யார் பொறுப்பு? அக்காலத்தில் ஊரும் உறவும் அப்பொறுப்பை ஏற்றன எனலாம். நிலம் எளிதில் ஏலத்துக்கு வரும் பொருளாக மாறிய பின்னர், வழக்குமன்றம் ஊர் மன்றத்தின் இடத்தைப் பிடித்த பின்னர், ஊரும் உறவும் போதவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி இதனை நன்கு அறிந்திருந்தது. அதன் வங்காளப் படையில் அவத்து நாட்டினர் மிகுதியாக இருந்தனர். அவத்து அப்போது நவாபின் ஆட்சியில் இருந்த வேற்று நாடு. அவ்வூர்ச் சிப்பாய் ஒருவனுடைய நிலத்தில் யாரேனும் கைவைத்தால், அவன் தன் மேலதிகாரி வழியாக மனு எழுதி இலட்சுமணபுரியில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கு அனுப்பலாம். ரெசிடெண்ட் நவாபின் அரசாங்கத்தை நெருக்குவார். இச்சலுகையைத் தவறாகப் பயன்படுத்தியவரும் உண்டு. அயலான் வழக்கையும் சிப்பாயின் வழக்காக எழுதிக் கொடுத்தனர் என்று சிலீமன் போன்ற ரெசிடெண்டுகள் குறைபட்டுக்கொண்டனர். நல்ல சலுகைக்கு எப்போதும் ஒரு கள்ளக்கூட்டம் பின்னால் வரும் போலும். 1856இல் கம்பெனி அவத்தைத் தன் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டது. உடனே அச்சலுகையும் பொருளற்றதாயிற்று. நேற்று வரை தன் ஊரில் தலைநிமிர்ந்து நின்ற சிப்பாய், மற்றவரைப்போல நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியவனானான். 1857 கிளர்ச்சிக்குக் காரணம் கூறுவோர் கொழுப்புத் தடவிய தோட்டாவை முதலில் கூறுவர். வரலாற்றாசிரியர் பலர் இவ்விழப்பையும் அதனோடு சேர்த்து எண்ணுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் படை என்பதன் பொருளே மாறிற்று. கூலிக்கும் குலத்தொழிலாகவும் போர் செய்தவர் போக, கடைச் சிப்பந்தியும் கணக்கரும் ஆலைத் தொழிலாளியும் இலட்சக்கணக்கில் படைக்குச் சென்றனர். அவர்கள் வீட்டில் இருந்த கடனும் புதுவகையானது. தவணை முறையில் பொருள் வாங்கும் பழக்கம் அதற்குள் பரவிவிட்டது. சிங்கர் தையல் இயந்திரமே அதற்குப் பெரிய வழிகாட்டி. பிரிட்டிஷ் நாட்டில் வளர்ந்த ‘வாடகைக் கொள்முதல்’ முறையில், கடைசித் தவணை கட்டும் வரையில் பொருள் விற்றவனுக்கே சொந்தம். வாங்கியவன் வாடகைக்கு வைத்திருப்பவன் மட்டுமே. ஆதலின் தவணை தவறினால் விற்றவன் நீதிமன்றத்துக்குச் செல்லவேண்டியதில்லை. ஆளை அனுப்பித் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இருபதில் பதினெட்டுத் தவணை கட்டியிருந்தாலும் கட்டியது கட்டியதுதான்.

1914 ஆகஸ்டு 4ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. அம்மாத இறுதியிலேயே ‘நீதிமன்றங்களின் நெருக்கடிக்கால அதிகாரச் சட்டம்’ நிறைவேறியது. போருக்கு முன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்துக்காக, நீதிமன்றத்தின் அனுமதியின்றி எவரும் ஒருவருடைய பொருளைக் கைப்பற்றவோ, திரும்ப எடுத்துக்கொள்ளவோ, அடமானத்தை மூழ்கடிக்கவோ கூடாது என்று அது விதித்தது. கடன்பட்டவன் பணம் கட்ட முடியாமைக்குப் போரே காரணம் என்று தோன்றினால் நீதிமன்றம் தவணை நீட்டலாம். இச்சட்டம் படைவீரருக்கென்றே வந்ததன்று. குடிமக்கள் எல்லார்க்கும் பொது. ஆயினும் அது செய்த பெரிய மாற்றம், முதல் அடியைக் கடன் கொடுத்தவன்மேல் வைத்ததாகும். பொருளைத் தொடுமுன் அவன் நீதிபதியைக் கேட்க வேண்டும். போர் முடிந்தபின் பழைய நிலை திரும்பிற்று. அதனை நிலையாக மாற்ற 1938 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எல்லன் வில்கின்சன் என்னும் பெண் உறுப்பினர் கொண்டுவந்த வாடகைக் கொள்முதல் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறியது. விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால் நீதிமன்ற ஆணையின்றிப் பொருளைத் திரும்ப எடுக்கக்கூடாது என்பது அதன் உயிர்நாடி.

அமெரிக்காவில் இச்சட்டம் எழுதப்பட்ட முறை ஆராய்ச்சிக்குரியது. 1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போரின்போது பல மாநிலங்கள் ‘வீரன் மீது வழக்கே கூடாது’ என்று ஒரே போடாகப் போட்டன. பணம் இருந்தும் கொடாதவனுக்கும் அது கேடயமாயிற்று. கடன் கொடுத்த ஏழைக் கைம்பெண்ணும் வாயடைத்து நிற்க நேர்ந்தது. முதல் உலகப் போரில் இதனைத் திருத்தி எழுதும் பணியில் முன்னின்றவர் ஜான் ஹென்றி விக்மோர். சான்றுச் சட்டம் பற்றிப் பெருநூல் எழுதிய பேராசிரியர் அவர். அப்போது படையில் மேஜராக இருந்தார். 1918 மார்ச் 8ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ‘படைவீரர் கடற்படையினர் உரிமையியல் துயர்தணிப்புச் சட்டம்’ கடனை ரத்துச் செய்யவில்லை. வழக்கையும் அடியோடு தடுக்கவில்லை. வீரன் படையில் சேருமுன் முன்பணமோ தவணையோ கட்டிய பொருளை நீதிமன்ற ஆணையின்றிக் கைப்பற்றினால் அது குற்றம் என்றது. எதிரி வராத வழக்கில் ஒருதலைத் தீர்ப்புக் கேட்பவர், அந்த எதிரி படையில் இருக்கிறாரா இல்லையா என்று முதலில் சத்தியப் பிரமாணம் எழுதித் தரவேண்டும் என்றது. இல்லாதவனுக்காகப் பேச நீதிமன்றமே வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தலாம். அச்சட்டம் 1940இல் புதுப்பிக்கப்பட்டது. 1942இல் செய்த திருத்தத்தால் படைக்கு முந்திய கடனுக்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு என வரம்பு கட்டப்பட்டது. 2003இல் முழுவதும் திருத்தி எழுதப்பட்டது.

தமிழ்ச் சிப்பாய்க்கு உரிய சட்டம் இந்திய நாட்டில் தோன்றியதும் அதே போரில்தான். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் பிரான்சுக்கும் மெசபொத்தாமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கடல் கடந்து சென்றனர். அவர்களுள் மதராஸ் மாகாணத்தாரும் இருந்தனர். ஊரில் பங்காளி வழக்குத் தொடுத்தால் பாஸ்ராவில் பாலம் கட்டிக்கொண்டிருப்பவனுக்கு எவ்வாறு தெரியும்? போர்க்காலத்தில் இதற்காக இயற்றிய விதிகளைத் தொகுத்துத் திருத்தி, 1925இல் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டின் நான்காவது சட்டம் அது.

அதன் நடைமுறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைக் கருதுக. வீட்டுக்கு ஒருவராகப் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த ஊர்கள் அங்கே உண்டு. அவ்வூரான் ஒருவன் கடல் கடந்து போர்ப்பணியில் இருக்க, அவன் நஞ்சையின் மேல் கடன்காரர் முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுக்கிறார். எதிரி வீரன் என்றும் தனிநிலைப் பணியில் இருக்கிறான் என்றும் நம்பக் காரணமிருந்தால், அவர் அதனைத் தம் பிராதிலேயே சொல்லியாக வேண்டும். அவர் மறைத்துவிட்டால்? ஜில்லா கலெக்டருக்கு அச்செய்தி தெரியவந்தால், ‘இவ்வழக்கின் எதிரி படையில் இருக்கிறான், வர இயலாதவன்’ என்று அவரே நீதிமன்றத்துக்குச் சான்று அனுப்பலாம். நீதிபதி தாமாகவே ஐயுற்றாலும் போதும். உடனே வழக்கு நிற்கும். படையதிகாரத்துக்கு அறிவிப்புப் போகும். ‘நீதியின் பொருட்டு ஒத்திவைத்தல் வேண்டும்’ என்று அங்கிருந்து சான்றிதழ் வந்தால் வழக்கு ஒத்திவைக்கப்படும். குறித்த காலத்துக்குள் மறுமொழி வராவிட்டால் நீதிமன்றம் மேற்செல்லலாம். அறியாமல் ஒருதலைத் தீர்ப்பு விழுந்துவிட்டாலும், வீரன் திரும்பிவந்து அதனை நீக்கக் கேட்கலாம்.

ஆக, வீரனுக்காக வாய் திறக்க வேண்டியவர் நால்வர் ஆயினர்: கடன்காரர், கலெக்டர், நீதிபதி, படைத்தலைவர். வீரன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எழுத்தறிவு குன்றிய நாட்டில் இது சிறிய ஏற்பாடன்று. கலெக்டருக்கு யார் சொல்வது என்பதுதான் நடைமுறைத் தொல்லை. கணக்குப்பிள்ளையும் கிராம முன்சீப்பும் நல்லவராக அமைந்துவிட்டால் காரியம் நடக்கும். கடன்காரரே கிராம முன்சீப்பின் மைத்துனராக இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சட்டநூல் சொல்லாது.

காலவரம்பு பற்றிய விதி இச்சட்டத்தின் சிறந்த பகுதி. வழக்குத் தொடுக்க இத்தனை ஆண்டு என்று கணக்கிடும்போது, வீரன் தனிநிலைப் பணியில் கழித்த காலத்தைக் கழித்துவிட வேண்டும் என்று அது கூறுகிறது. அவன் பணியிலேயே இறந்துபோனால்? இறந்த நாளோடு கணக்கு நிற்பதில்லை. அவன் இறந்த செய்தியை அதிகாரிகள் உறவினருக்கு முறைப்படி அனுப்பிய நாள் வரையில் உள்ள காலமும் கழிக்கப்படும். கணவன் இறந்ததை அறியாமல் மணியார்டருக்காகக் காத்திருந்த பெண்ணின் நாள்களை எண்ணிப் பார்த்து எழுதிய விதி இது. வறண்ட சட்டநடையில் இவ்வளவு கனிவு அரிதாகவே காணப்படும். உதிரப்பட்டி கொடுத்த ஊராருக்கு அது விளங்கியிருக்கும்.

ஆனால் ஒரு பெருங்குறையும் உண்டு. இச்சட்டம் காவல் காப்பது நீதிமன்ற வாசலில். வழக்கு என்று ஒன்று வந்தால்தான் அதற்கு வேலை. நிலத்தையும் வீட்டையும் பிடுங்க வழக்கு வேண்டும். ஆகவே அவற்றுக்கு இக்காவல் பொருந்தும். வாடகைக் கொள்முதலில் எடுத்த மிதிவண்டியையோ வானொலியையோ தூக்கிச் செல்பவன் நீதிமன்றப் பக்கமே வருவதில்லை. வாசலில் காவலன் நிற்க, கொல்லைப்புறம் திறந்து கிடந்தது. 1918ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அக்கொல்லைப்புறத்தை அடைத்தது. 1925ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அடைக்கவில்லை. அன்றைய இந்தியச் சிற்றூரில் தவணைப் பொருள் மிகுதி இல்லாமை அதற்குக் காரணமாகலாம். 1950ஆம் ஆண்டு இந்தியப் படைச்சட்டம் வீரனுடைய ஆயுதம், உடை, சம்பளம் ஆகியவற்றை நீதிமன்ற ஜப்தியிலிருந்து விலக்கியது. கடனுக்காக அவனைச் சிறைப்பிடிப்பதையும் தடுத்தது. அதுவும் நீதிமன்ற ஆணையைப் பற்றியதே.

போர் முடிந்தபின் வந்துசேரும் மொத்தப் பாக்கியைப் பற்றி உரோமாபுரி கண்ட பாடத்தை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் நினைவில் வைத்திருந்தது. 1939இல் நெருக்கடிக்காலச் சட்டத்தை மீண்டும் கொண்டுவந்ததோடு, 1941இல் பொறுப்புகளைச் சரிசெய்வதற்கான தனிச்சட்டமும் இயற்றியது. போரால் நொடித்தவர் தம் கடன் அனைத்தையும் ஒருங்கே வைத்து, வசதிக்கேற்பக் கட்டும் திட்டம் ஒன்றை அதன்படி பெறலாம். 1951இல் கொரியப் போரையொட்டி, திரும்ப அழைக்கப்பட்ட பின்துணைப் படையினருக்கென்றே மற்றொரு சட்டமும் நிறைவேறியது.

மலாயாவில் போர் வந்த விதம் வேறு. இங்கே வீரன் வெளியே செல்லவில்லை. போர் வீட்டுக்குள் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் படையினர் சிறைப்பட்டனர். அவர்களுடைய ஊர்களுக்கு நெடுங்காலம் உறுதியான செய்தி இல்லை. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த முறைப்படையினர் பலர் போர் முடிந்தபின் வேலையும் சம்பளப் பாக்கியும் இழந்தனர். 1946 ஜனவரியில் செங்கோட்டை வழக்கில் ஷா நவாஸ், சாகல், தில்லோன் மூவருக்கும் ஆயுள் தண்டனை நீக்கப்பட்டபோதும், பதவி நீக்கமும் சம்பள இழப்பும் நிலைத்து நின்றன. தோட்டத்திலிருந்து அதே படையில் சேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளிக்கு இழக்கச் சம்பளப் பாக்கிகூட இல்லை. சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர் எந்தப் பட்டியலிலும் வீரர் அல்லர். அவர்கள் இல்லாத காலத்தில் அவர்களுடைய ஆடுமாடும் கொட்டகையும் என்னவாயின என்று கேட்கும் கலெக்டரும் இலர். 1945இல் பிரிட்டிஷ் இராணுவ ஆட்சி பிறப்பித்த கடன் நிறுத்தப் பிரகடனமும், ஜப்பானியப் பணத்தில் தீர்த்த கடன் செல்லுமா என்று வகுத்துச் சொன்ன 1948ஆம் ஆண்டுச் சட்டமும் லெபோ அம்பாங் வட்டிக்கடைகளுக்கும் நிலமுடையோருக்கும் பெரிதும் வேண்டியவையாக இருந்தன. நிலமில்லாதவனை அவை தொடவில்லை.

பின்னர் தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் தவணை முறை வந்து சேர்ந்தது. தையல் இயந்திரம், வானொலி, மோட்டார் சைக்கிள், வாடகைக் கார் என எல்லாம் தவணை. 1960 முதல் 1963 வரையில் மலாயாப் படையினர் ஐக்கிய நாடுகள் பணியில் காங்கோவில் இருந்தனர். 1963 முதல் 1966 வரையில் இந்தோனேசியாவுடன் முறுகல். படையினர் சபா, சரவாக் எல்லைகளில் நின்றனர். அக்காலத்தில் வாடகைக் கொள்முதலுக்கென்று இங்கே தனிச்சட்டம் இல்லை. 1967இல் அது இயற்றப்பட்டு மறு ஆண்டு ஏப்ரல் 11இல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலிய நாட்டுச் சட்டமே அதற்கு முன்மாதிரி. அச்சட்டமும் அதன் திருத்தங்களும் பல நல்ல விதிகளைத் தந்தன. அடுத்தடுத்து இரண்டு தவணை தவறி, எழுத்தால் அறிவிப்புக் கொடுத்து, 21 நாள் கழிந்த பின்னரே வண்டியை இழுக்கலாம். விலையில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை வேண்டும். எல்லன் வில்கின்சன் போட்ட விதையில் முளைத்த கிளைதான் இது. மூன்றில் ஒன்று என்று அவர் வைத்த எல்லை நான்கில் மூன்றாக உயர்ந்துவிட்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் இருந்தும் கேட்பார் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. சான்டாண்டர் என்னும் வண்டிக் கடன் நிறுவனத்தின்மேல் அந்நாட்டு நீதித்துறை வழக்குத் தொடுத்தது. 2008க்கும் 2013க்கும் இடையில், நீதிமன்ற ஆணை பெறாமல் வீரரிடமிருந்து கைப்பற்றிய வண்டிகளைப் பற்றியது அவ்வழக்கு. 2015இல் 1,112 வண்டிகள் தொடர்பாகக் குறைந்தது 93 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுக்க அந்நிறுவனம் உடன்பட்டது. ஒருவர் படையில் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லும் பதிவேடு அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் உண்டு. அதனைப் புரட்டிப் பார்த்திருந்தாலே போதும். 1918இல் விக்மோர் கேட்ட சத்தியப் பிரமாணமும் அதைத்தான் வேண்டிற்று.

மலேசியாவில் எல்லார்க்கும் பொதுவாக இவ்வகைக் காப்பு ஒருமுறை வந்தது. கோவிட் நோய்க்காலத்தில், 2020 அக்டோபரில் வெளியான தற்காலிக நடவடிக்கைகள் சட்டம், அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரையில் தவறிய தவணைக்காகப் பொருளைக் கைப்பற்றுவதைத் தடுத்தது. ஆறு மாதக் காப்பு. போரைப்போலவே நோயும் மனிதனைக் கட்டிப்போடும் என்று ஏற்றுக்கொண்ட காப்பு. அதற்கு அப்பால் நின்றது 1967ஆம் ஆண்டுச் சட்டமே. அச்சட்டம் வாடகைக் கொள்முதல் செய்தவர் இறந்துவிட்டால், அடுத்தடுத்து நான்கு தவணை தவறும் வரையில் பொருளை எடுக்கக்கூடாது என்று அவர் குடும்பத்துக்கு இரட்டிப்பு அவகாசம் அளித்தது. உதிரப்பட்டியின் வாடை அவ்விதியில் வீசுகிறது. செலாயாங்குக்குத் தெற்கே பத்து கண்டோன்மெண்டிலும், மேற்கே சுங்கை பூலோவிலும் படை முகாம்கள் உள்ளன. மலேசிய வீரர் 1993இல் சோமாலியாவுக்கும் போஸ்னியாவுக்கும், 2007 முதல் லெபனானுக்கும் ஐக்கிய நாடுகள் பணிக்குச் சென்றிருக்கின்றனர். அவ்வாறு சென்று உயிரோடு இருப்பவனுக்கு அச்சட்டம் வைத்த கணக்கு, மற்றவர்க்கு வைத்த அதே இரண்டு தவணை.